கழற்சிக்காயும் மூலிகைக் குறிப்புகளும்

வார இதழ்களின் ஓரப் பத்திகளிலும், மலிவு விலைக் கையேடுகளிலும், இப்போது கைப்பேசிக்கு வந்து சேரும் செய்திகளிலும் ஒருவகை எழுத்தை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள். மேலே ஒரு செடியின் பெயர் இருக்கும். அதன் கீழே நோய்களின் பட்டியல் நீளும். 'இத்தனைக்கும் இது கைகண்ட மருந்து' என்ற வாக்கியத்துடன் குறிப்பு முடிந்துவிடும்.

நம்மிடையே கதைக்கு விமரிசனம் உண்டு; கவிதைக்கு உண்டு; திரைப்படத்துக்கும் உண்டு. இந்த மூலிகைக் குறிப்பை மட்டும் யாரும் விமரிசனத்துக்கு எடுத்துக் கொள்வதில்லை. கதை சரியில்லை என்றால் வாசகருக்கு ஒரு மணி நேரம் வீண். மூலிகைக் குறிப்பு சரியில்லை என்றால் கெடுவது உடம்பு. ஆகவே இந்தக் கட்டுரையில் அந்த எழுத்தையே சோதித்துப் பார்ப்போம்.

எல்லா மூலிகைகளையும் ஒரே கட்டுரையில் பேச இயலாது. ஒன்றை மட்டும் எடுத்துக் கொள்வோம். அது கழற்சி. கச்சக்காய், கெச்சக்காய் என்றும் இதனைச் சொல்வதுண்டு.

செடியை முதலில் பார்ப்போம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரத்துக்கு முன்பாக நெம்மேலி வரும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களால் இன்று பலருக்கும் தெரிந்த ஊர். சாலைக்கும் கடலுக்கும் இடையே மணல். அந்த மணலில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும். சற்று உள்ளே வந்தால் தாழையும் எருக்கும் சவுக்கும். இத்தகைய கடலோர மணற்பாங்குதான் கழற்சிக்கு உகந்த இடம். வெப்ப மண்டலக் கடற்கரைகள் எங்கும் இது வளர்கிறது. உள்நாட்டிலும் வேலிகளில் வளர்ப்பார்கள். ஆடுமாடு மட்டுமல்ல, ஆளும் நுழைய முடியாத வேலி!

கழற்சி அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புதர்ச்செடி. தோட்டங்களில் நாம் வளர்க்கும் மயில்கொன்றைக்கு உறவு. மற்றச் செடிகளைப் பற்றிக்கொண்டு ஏறும். தண்டிலும் இலைக்காம்பிலும் வளைந்த முட்கள் இருக்கும். பூ மஞ்சள். காயின் மேலும் முட்கள் அடர்ந்திருக்கும். காயைப் பிளந்தால் உள்ளே ஒன்று அல்லது இரண்டு விதைகள். சாம்பல் நிறம், கோலிக்குண்டு போன்ற உருண்டை வடிவம், கல்லைப் போன்ற கடினம். சிறுவர்கள் இந்த விதையைத் தரையில் தேய்த்துச் சூடேற்றி, அடுத்தவன் கையில் வைத்துவிட்டு ஓடுவது பழைய விளையாட்டு.

அந்த ஓடு நீர் புகாதது. உள்ளே பருப்பின் இரு பாதிகளுக்கும் நடுவே சிறு வெற்றிடம் இருப்பதால் விதை நீரில் மிதக்கிறது. மாதக் கணக்கில் கடலில் மிதந்து, கரை சேர்ந்து, மணலில் உராய்ந்து ஓடு தேய்ந்த பின் முளைக்கிறது. உலகின் வெப்பக் கடற்கரைகளில் இச்செடி பரவியதன் இரகசியம் இதுதான்.

செடியே வளராத குளிர் நாடுகளிலும் விதை மட்டும் போய் ஒதுங்குவதுண்டு. ஸ்காத்லாந்தின் வடக்கே உள்ள ஆர்க்னித் தீவுகளின் கரையில் ஒதுங்கும் விந்தையான விதைகளைப் பற்றி ஹான்ஸ் ஸ்லோன் என்பவர் 1696-இல் எழுதினார். ஜமைக்காவில் தாம் பார்த்த செடிகளின் விதைகளே அவை என்று அடையாளம் காட்டினார். கழற்சியும் அவற்றுள் ஒன்று. அதே ஸ்காத்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-இல் நூல் எழுதிய மார்ட்டின் மார்ட்டின், கரை ஒதுங்கும் வெண்ணிற விதையைக் குழந்தைகளின் கழுத்தில் கண்ணேறு படாதிருக்கக் கட்டுவார்கள் என்றும், தீங்கு வருமானால் விதை கறுத்துவிடும் என்று நம்பினார்கள் என்றும் பதிவு செய்தார். அந்த வெண்ணிற விதையும் கழற்சியே என்று கருதப்படுகிறது.

இங்கே ஒன்றை மனத்தில் குறித்துக் கொள்ளுங்கள். ஒரு பொருளை ஓர் ஊரார் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள் என்பது ஒரு செய்தி. அந்தப் பொருள் அவர்கள் எண்ணியபடி வேலை செய்தது என்பது வேறொரு செய்தி. முதலாவது உண்மையாக இருப்பதாலேயே இரண்டாவதும் உண்மையாகிவிடாது.

குறிப்பு என்ன சொல்கிறது?

கழற்சியைப் பற்றி வழக்கமாக வரும் குறிப்புகளின் சாரம் இது: கழற்சிக்காய்ப் பருப்புடன் மிளகு சேர்த்துப் பொடித்து உண்டால் காய்ச்சல் தீரும், நீரிழிவு கட்டுப்படும், விரைவீக்கம் வற்றும், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிகள் கரையும், மாதவிடாய் சீராகும், கருத்தரிக்கும், பக்க விளைவு கிடையாது.

இதனை வரிக்கு வரி மறுப்பது நம் நோக்கமன்று. இந்தக் குறிப்பிடம் மூன்று கேள்விகளைக் கேட்போம். எந்தச் செடி? எந்த நோய்? எப்படித் தெரியும்? ஒரு நல்ல மூலிகைக் குறிப்பு இந்த மூன்றுக்கும் விடை வைத்திருக்க வேண்டும்.

எந்தச் செடி?

'கழற்சிதான், இதில் என்ன சந்தேகம்?' என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகம் உண்டு. இச்செடிக்கு லின்னேயஸ் 1753-இல் கிலாண்டினா என்ற பேரினப் பெயரைச் சூட்டினார். பின்னர் இது சீசால்பினியா பாண்டக் ஆயிற்று. அண்மைக் காலத்தில் மரபணு ஆய்வின் அடிப்படையில் சீசால்பினியா என்ற பெரிய பேரினத்தைப் பிரித்தபோது, 2016-இல் மீண்டும் கிலாண்டினா பாண்டக் என்ற பழைய பெயருக்கே வந்து சேர்ந்தது. 'பாண்டக்' என்பது 'புந்துக்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கொட்டை என்பது அதன் பொருள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் குழப்பமில்லை. சீசால்பினியா கிரிஸ்டா என்று வேறொரு செடி உண்டு. கழிமுகச் சதுப்புகளின் ஓரத்தில் வளர்வது. அதன் காயில் முட்கள் இல்லை. பெரும்பாலும் ஒரே விதை. நம் கழற்சிக்கும் அதற்கும் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ஆயினும் நெடுங்காலம் பல நூல்கள் நம் கழற்சிக்கே 'கிரிஸ்டா' என்ற பெயரைக் கொடுத்து வந்தன. தாவரவியலார் 1938-இல் இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தெளிவுபடுத்தினர். ஆனாலும் மருத்துவ நூல்களில் பழைய பெயர் ஓய்ந்தபாடில்லை. போதாக்குறைக்கு மஞ்சள் நிற விதை கொண்ட இன்னொரு நெருங்கிய இனமும் உண்டு.

இதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? 'சீசால்பினியா கிரிஸ்டாவின் விதையில் இன்ன குணம் கண்டுபிடிக்கப்பட்டது' என்று ஓர் ஆய்வைக் குறிப்பு எழுதுபவர் காட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அந்த ஆய்வாளர் கையில் இருந்தது முள்காயா, முள்ளில்லாக் காயா? இதைப் பார்க்காமல் அந்த ஆய்வைக் கழற்சியின் கணக்கில் எழுதினால், ஒருவர் பட்ட கடனை வேறொருவர் பெயரில் எழுதுவது போலாகும்.

இந்தக் கவனம் நமக்குப் புதிதன்று. 1868-இல் வேரிங் என்ற மருத்துவர் தொகுத்த இந்திய மருந்துநூல் வெளிவந்தது. மறு ஆண்டே, 1869-இல், அதற்கு ஒரு துணைநூல் சென்னையில் அச்சாயிற்று. எழுதியவர் முகைதீன் ஷெரீப் என்ற சென்னை மருத்துவர். திருவல்லிக்கேணி மருத்துவ நிலையத்தில் பணியாற்றியவர். அவர் செய்த வேலை என்ன? மருந்துச் சரக்குகளுக்குத் தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி முதலிய மொழிகளில் வழங்கும் பெயர்களைத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். ஒரு பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறது, முன்னோர் நூல்களில் எங்கே பெயர் மாறிப் போயிருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். மருந்தின் பெருமையைப் பேசுவதற்கு முன் மருந்தின் அடையாளத்தை உறுதி செய்வது என்ற ஒழுக்கம் இந்தச் சென்னையிலேயே 150 ஆண்டுகளுக்கு முன் இருந்தது. இன்றைய குறிப்பெழுத்தாளர்கள் சித்தர்களின் வாரிசு என்று சொல்லிக் கொள்கிறார்கள். முகைதீன் ஷெரீபின் வாரிசாகவும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும்.

எந்த நோய்?

இரண்டாம் கேள்வி இன்னும் முக்கியமானது. சித்த மருத்துவ நூல்கள் கழற்சியைச் சுரம், குன்மம், அண்டவாதம் ஆகியவற்றோடு சேர்த்துப் பேசுகின்றன. அண்டவாதம் என்பது விரையில் உண்டாகும் வீக்கம். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐன்ஸ்லி என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் தம் நூலில் (1826) இதனைக் குறித்திருக்கிறார். விளக்கெண்ணெயுடன் சேர்த்து வீக்கத்தின்மேல் வெளிப்பூச்சாக வைத்தியர்கள் பயன்படுத்தினர் என்பது அவர் தரும் செய்தி.

இப்போது குறிப்பைப் பாருங்கள். 'சினைப்பை நீர்க்கட்டிகள் கரையும்' என்கிறது. ஆணின் விரைவீக்கத்திலிருந்து பெண்ணின் சினைப்பைக்கு இந்த மருந்து எப்படித் தாவியது? இடையில் பாலமாக நிற்பது பெரும்பாலும் சொல்தான் எனத் தோன்றுகிறது. அங்கே நீர் கோத்த வீக்கம், இங்கே 'நீர்க்கட்டி'. அங்கே வற்றினால் இங்கேயும் வற்ற வேண்டும் என்ற எண்ணம்.

ஆனால் சினைப்பை நீர்க்கட்டி நோய் என்பது என்ன? ஸ்டீன், லெவந்தால் என்ற இரு மருத்துவர்கள் 1935-இல் இதனை விவரித்தனர். சினைப்பையில் முட்டைகள் சிறு நுண்பைகளுக்குள் வளர்கின்றன. இயல்பாக மாதந்தோறும் ஒரு நுண்பை முதிர்ந்து முட்டையை வெளிவிடும். இந்நோயில் சுரப்பிநீர்களின் சமநிலை கெடுவதால் பல நுண்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. நுண்ணொலிப் படத்தில் மணி மணியாகத் தெரிபவை அவைதான். கரைக்க வேண்டிய கட்டி என்று அங்கே ஏதும் இல்லை. நோயின் வேர் சுரப்பிநீர்களில் இருக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமையும் அதில் பங்கு கொள்கிறது. முகத்தில் மயிர் வளர்வது, மாதவிடாய் தள்ளிப் போவது, உடல் பருப்பது, பிற்காலத்தில் நீரிழிவு வருவது என்று அதன் விளைவுகள் உடல் முழுவதையும் தொடுகின்றன. குழந்தை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்பது உலக மதிப்பீடு.

ஆக, 'நீர்க்கட்டி' என்ற தமிழ்ப் பெயரே தவறான படத்தை நம் மனத்தில் வரைந்து விடுகிறது. 'கட்டி' என்றதும் 'கரைப்பது' நினைவுக்கு வருகிறது. கரைப்பதற்கு ஒரு காய் கிடைத்துவிடுகிறது. பழைய நூல் சொல்லாத ஒன்றைப் பழைய நூலின் பெயரால் சொல்வது அந்த நூலுக்கும் நியாயம் செய்வதாகாது.

நோயைத் தவறாக அறிவதன் விபரீதத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சங்க இலக்கியம் படித்தவர்களுக்குக் கழங்கு என்ற சொல் தெரிந்திருக்கும். கழற்சி விதையே கழங்கு என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பெண்கள் அதை வைத்து விளையாடினர். வேலன் என்ற பூசாரி அதை உருட்டிக் குறி பார்த்தான். காதலால் மெலிந்த மகளைக் கண்டு தாய் கலங்குவாள், வேலனை அழைப்பாள், அவன் கழங்கு பார்த்து, 'இது முருகன் செயல்' என்பான். பாட்டைப் படிக்கும் நமக்கும், பக்கத்தில் நிற்கும் தோழிக்கும் உண்மை தெரியும். வேலனுக்கும் தாய்க்கும்தான் தெரியாது. நோய் ஒன்று, சொல்லும் காரணம் வேறு என்ற நகைமுரணை அந்தக் கவிஞர்கள் எவ்வளவு நயமாகக் கண்டிருக்கிறார்கள்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும், மாதவிடாய் தள்ளிப்போகும் ஓர் இளம்பெண்ணின் முன்னால் நாம் அதே கழங்கை உருட்டிக் கொண்டிருக்கலாமா?

எப்படித் தெரியும்?

மூன்றாம் கேள்விக்கு வருவோம். இதற்குக் காய்ச்சலை எடுத்துக் கொள்வது நல்லது. ஏனெனில் கழற்சியின் பெரும்புகழ் அங்கேதான் இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய பெயர்களில் ஒன்றே 'காய்ச்சல் கொட்டை' என்பதாகும். 1868-இன் மருந்துநூல் கழற்சி விதையை ஏற்றுக் கொண்டது. பருப்பையும் மிளகையும் சம அளவில் சேர்த்த கூட்டுப் பொடியை முறைக்காய்ச்சலுக்கு உரியதாகக் குறிப்பிட்டது. முறைக்காய்ச்சல் என்பது பெரும்பாலும் மலேரியா. அன்று குவினைன் விலை அதிகம். உள்ளூரில் கிடைக்கும் மலிவான மாற்று தேவைப்பட்டது.

கழற்சி கொடுத்தபின் காய்ச்சல் நின்றதா? பலருக்கு நின்றிருக்கும். இங்கேதான் மாணவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். முறைக்காய்ச்சலின் இயல்பு என்ன? ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் வரும், தானாகவே இறங்கும். சில வாரங்களில் பலருக்கு அந்தச் சுற்று தானே ஓய்ந்தும் விடும். பிறகு மாதக் கணக்கில் கழித்துத் திரும்பும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் எதைக் கொடுத்தாலும் அடுத்த சில மணி நேரத்தில் அது இறங்கியே தீரும். கொடுத்தது கழற்சியானால் புகழ் கழற்சிக்கு. வெந்நீரானால் புகழ் வெந்நீருக்கு.

இந்தப் பொறியிலிருந்து தப்பும் வழி ஒப்பிடுதல். அதே காலத்தில், 1866 முதல் 1868 வரை, சிங்கோனாப் பட்டையிலிருந்து எடுக்கும் நான்கு காரப் பொருள்களை இந்தியாவில் ஏறத்தாழ 3600 நோயாளிகளிடம் சோதித்தார்கள். சென்னை அரசு அமைத்த குழுவும் அந்தப் பணியில் ஈடுபட்டது. எந்த நோயாளிக்கு எந்தப் பொருள், காய்ச்சல் நின்றதா என்று எண்ணிக்கை வைத்தார்கள். நான்குமே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேற்பட்டோரிடம் காய்ச்சலை நிறுத்தின. இன்றைய அளவுகோலில் அதிலும் குறை சொல்லலாம். மருந்தே தராத ஒரு பிரிவையும் வைத்திருக்க வேண்டும் என்போம். ஆனாலும் எண்ணிப் பார்த்த மருந்து அது. கழற்சிக்கு அவ்வளவு பெரிய எண்ணிக்கை வைக்கப்படவில்லை. காலப்போக்கில் குவினைன் நிலைத்தது. கழற்சி மருந்துநூலிலிருந்து ஓரப் பத்திக்குப் போய்ச் சேர்ந்தது.

'இன்று அறிவியலே கழற்சியை ஒப்புக் கொண்டுவிட்டதே!' என்று குறிப்புகள் சொல்வதுண்டு. என்ன ஒப்புக் கொண்டது என்று பார்ப்போம். கழற்சி விதையின் கசப்புக்குக் காரணமான டைட்டர்பீன் வகை வேதிப் பொருள்கள் பல பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. அதே வகைப் பொருள்கள் சோதனைக் குழாயில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைத் தடுத்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் கூறப்பட்ட செடியின் பெயர் எது தெரியுமா? சீசால்பினியா கிரிஸ்டா! முதல் கேள்வி மறுபடியும் முன்னால் வந்து நிற்கிறது.

சரி, செடி எதுவாயினும் ஆகட்டும். சோதனைக் குழாயில் கிருமிமேல் ஊற்றப்படுவது பிரித்தெடுத்த தூய பொருள். நாம் விழுங்குவது பொடி. பொடியிலுள்ள அந்தப் பொருள் குடலைக் கடந்து, கல்லீரலைத் தாண்டி, இரத்தத்தில் போதிய செறிவில் நிற்க வேண்டும். உப்பும் வினிகரும்கூடச் சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லும். அவற்றைக் கொண்டு யாரும் மலேரியாவைக் குணப்படுத்துவதில்லை.

அடுத்த படி விலங்குகள். கழற்சி விதையின் சாறு நீரிழிவு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. சினைப்பை நோயைச் செயற்கையாக உண்டாக்கிய எலிகளிலும் கழற்சியைச் சோதித்திருக்கிறார்கள். நல்ல தொடக்கந்தான். ஆனால் அந்த நோயை எலிகளில் உண்டாக்க ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பொருள் எது? லெட்ரோசோல் என்ற மருந்து. இதே லெட்ரோசோலைத்தான் சினைப்பை நோயால் கருத்தரிக்காத பெண்களுக்கு, முட்டை வெளிப்படுவதற்காக, மருத்துவர்கள் சில நாள்களுக்குக் கொடுக்கிறார்கள். எலிக்குத் தொடர்ந்து கொடுத்தால் நோய். பெண்ணுக்கு அளவோடு கொடுத்தால் மருந்து! எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

மேலும் ஒரு செய்தி. பெண் எலிகளில் செய்த வேறோர் ஆய்வில் கழற்சி விதைச் சாறு ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பிநீரின் வேலையைத் தடுப்பதாகத் தெரிந்தது. கருவுறுதலுக்கு இன்றியமையாத சுரப்பிநீர் அது. எலியின் சோதனையைச் சான்றாகக் காட்டி 'கருத்தரிக்கும்' என்று எழுதுபவர், இந்த எலியையும் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டாமா? தமக்கு வேண்டிய எலியை மட்டும் பேசவிடுவது நேர்மையன்று.

'பக்க விளைவு கிடையாது' என்ற வரிக்கும் விடை இங்கேயே இருக்கிறது. உடலில் ஒரு விளைவை உண்டாக்கும் பொருளுக்கு வேறு விளைவும் இருக்கத்தான் செய்யும். சர்க்கரையைக் குறைக்கும் என்பது மெய்யானால், ஏற்கெனவே சர்க்கரை மருந்து உண்பவருக்கு அது அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். சுரப்பிநீர்மேல் வேலை செய்யும் என்பது மெய்யானால், கருவுற்ற பெண் அதனை உண்ணலாமா என்ற கேள்வி எழும். குணம் மட்டும் உண்டு, தீங்கு மட்டும் இல்லை என்பது விளம்பரத்தின் மொழி.

விளம்பரம் என்றதும் ஒரு சட்டம் நினைவுக்கு வருகிறது. மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் என்று 1954-இல் இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சில நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. அந்தப் பட்டியலில் காய்ச்சல், நீரிழிவு, விரைவீக்கம், கருப்பைக் கோளாறுகள், பெண்களின் மலட்டுத்தன்மை எல்லாம் உண்டு. கழற்சிக் குறிப்பின் பட்டியலை இதனோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். ஒரு வணிகர் விளம்பரமாகச் சொல்ல முடியாததைக் குறிப்பெழுத்தாளர் பொது அறிவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்படியானால் மூலிகையே வேண்டாமா?

இவ்வளவும் படித்துவிட்டு, 'நாட்டு மருத்துவம் எல்லாம் வெறும் மூடநம்பிக்கை' என்று நீங்கள் முடிவு கட்டினால் அதுவும் அதே தவறுதான். சோதிக்காமல் புகழ்வது போலச் சோதிக்காமல் இகழ்வதும் அறிவியல் ஆகாது.

சீன நாட்டில் ஒரு செடி கதையை வேறு விதமாக நடத்திக் காட்டியது. மலேரியாவுக்குச் சிங்காவ் என்ற மூலிகையைப் பழைய சீன நூல்கள் கூறியிருந்தன. 1970-களின் தொடக்கத்தில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அதனை ஆராய்ந்தனர். அங்கும் முதலில் எதிர்ப்பட்டது பெயர்ச் சிக்கல். ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் வழங்கி வந்தன. மருந்துப் பொருள் இருந்ததோ ஒன்றில்தான். அடுத்து, வழக்கம்போல் கொதிக்க வைத்தால் பயன் குறைந்தது. செடியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லும் ஒரு பழைய நூற்குறிப்பு அவருக்கு வழிகாட்டியது. குறைந்த வெப்பத்தில் கரையும் முறையைக் கையாண்டார். எலியிலும் குரங்கிலும் பார்த்து, குழுவினர் தாமே உட்கொண்டு பார்த்து, பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆர்ட்டிமிசினின் பிறந்தது. 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. பழைய நூல் தந்தது ஒரு முகவரி. அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியது சோதனை.

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நெம்மேலியை அடுத்த வடநெம்மேலிக்கே வாருங்கள். அங்குள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. பாம்புத் தோல் வாணிகத்துக்குத் தடை வந்தபின் பிழைப்பிழந்த இருளர்கள், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்புகளையும் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, பாம்பைத் திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் கொண்டுதான் நிறுவனங்கள் நச்சுமுறிவு மருந்து தயாரிக்கின்றன. மணலில் தெரியும் தடத்தைக் கொண்டு எந்தப் பாம்பு, எந்த வளையில் என்று சொல்லும் அறிவு இருளரின் மரபுச் செல்வம். அந்த அறிவு சரியா என்பது வளையைத் தோண்டியதும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் சோதனைக்கு உள்ளாகும் அறிவு அது. அதனால்தான் உறுதியாக நிற்கிறது. மரபறிவை மதிப்பது என்றால் அதனைச் சோதிக்கத் தக்கதாக எண்ணுவதே. கேள்வி கேட்காமல் கும்பிட்டுவிட்டு நகர்வது மரியாதை போலத் தோன்றும் அலட்சியம்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும்?

விமரிசனம் செய்தவன் மாற்றும் காட்ட வேண்டும். கழற்சியைப் பற்றி ஒரு நேர்மையான குறிப்பு இப்படி இருக்கலாம்:

'கழற்சி, கடலோர மணலிலும் வேலிகளிலும் வளரும் முட்புதர். காயின் மேல் முள்ளும், உள்ளே சாம்பல் நிற விதையும் உண்டு. முள்ளில்லாக் காய் கொண்டது வேறு செடி. சித்த மருத்துவத்தில் சுரம், குன்மம், அண்டவாதம் ஆகியவற்றுக்கு வழங்கி வந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் முறைக்காய்ச்சலுக்குக் குவினைனின் மாற்றாகக் கருதப்பட்டது. குவினைனைப் போலப் பேரளவில் சோதிக்கப்படவில்லை. எலிகளில் சர்க்கரையைக் குறைப்பதாக ஆய்வு உண்டு. சினைப்பை நோய்க்கு மருத்துவ உலகம் 2023-இல் வெளியிட்ட அனைத்துலக வழிகாட்டுதலில் இதற்கு இடமில்லை. காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை செய்யவும். மாதவிடாய் தள்ளிப் போனால் மருத்துவரிடம் போகவும். சித்த மருத்துவரிடம் செல்வதானால் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரிடம் சென்று, உண்டு வரும் மற்ற மருந்துகளையும் சொல்லவும்.'

இதில் 'கைகண்ட' என்ற சொல் இல்லை. வியப்புக் குறியும் இல்லை. ஆனால் எந்தச் செடி, எந்த நோய், எப்படித் தெரியும் என்ற மூன்றுக்கும் விடை இருக்கிறது. அச்சில் பத்து வரிக்கு மேல் போகாது.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு மூலிகைக் குறிப்பு உங்கள் கைக்கு வரும்போது அதனை உடனே நம்பவும் வேண்டாம். உடனே கிழித்துப் போடவும் வேண்டாம். அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பள்ளியில் பயில்வோர் இதனை ஒரு பயிற்சியாகவே செய்யலாம். ஒரு மாதத்தில் வரும் குறிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது, எதற்கு இல்லை என்று எழுதுங்கள். மாத முடிவில் கூட்டிப் பாருங்கள். அந்த நோட்டை வீட்டில் அம்மாவிடமும் அக்காவிடமும் காட்டுங்கள். கழற்சிப் பொடியை வாங்கி வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் போவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.